முதல் வாட்டர் கூலிங் லூப்பில் கோளாறா? பிரிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

கம்ப்யூட்டரைக் குளிர்விக்க நீங்களே டியூப் வெட்டி, ஃபிட்டிங் (டியூபை மாட்டும் இணைப்பு) முறுக்கி, தண்ணீர் ஊற்றிய முதல் லூப் (தண்ணீர் சுற்றிவரும் பாதை) சரியாக ஓடாவிட்டால் கை தானாக ஸ்பேனரைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். நிரம்பிய லூப்பைப் பிரிப்பது அரை நாள் வேலை. வடிக்க வேண்டும், துடைக்க வேண்டும், மறுபடி நிரப்ப வேண்டும், காற்று முழுக்க வெளியேறும் வரை காத்திருக்க வேண்டும். முதல் லூப்பில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இதில் எதுவும் செய்யாமலே தீரக்கூடியவை.

கீழே சொல்வதெல்லாம் என் மேசையில் இருக்கும் அமைப்பை மனதில் வைத்து எழுதியது: ரிசர்வாயரோடு (தண்ணீர்த் தொட்டி) சேர்ந்த டி5 வகை பம்ப், இரண்டு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர், பிராசசருக்கு ஒரு பிளாக் (சிப்பின் மேல் உட்கார்ந்து அதன் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கும் கட்டி), கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு பிளாக், வளையும் டியூப். உள்ளே ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் தண்ணீர். உங்களுடையது சின்னதாக இருந்தாலும் அறிகுறிகள் இவையேதான்.

கையில் வெள்ளை டிஷ்யூ, டார்ச், 24 பின் ஜம்பர் பிளக், அறைச் சூட்டைக் காட்டும் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். லூப்பில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் ஒரு சென்சார் இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள். சாதாரண ஜி1/4 மரையில் மூடிபோல மாட்டிக்கொள்ளலாம். ஆர்ஜிபி விளக்குக்குச் செலவழித்த பணத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும். அது இல்லாமல் சூட்டுப் பிரச்சினையைத் தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான்.

பவர் கொடுத்தும் பம்ப் சுற்றவில்லை

முதலில் இதைச் சரிபாருங்கள்: பம்புக்கு மட்டும்தான் பவர் போகிறதா? நிரப்பும்போது மதர்போர்டின் 24 பின், பிராசசரின் 8 பின், கிராபிக்ஸ் கார்டின் கேபிள் எல்லாமே கழற்றி இருக்க வேண்டும். 24 பின் முனையில் ஜம்பர் பிளக் மாட்டினால் பவர் சப்ளை தனியாக ஓடும். முன்பெல்லாம் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் ஜெம் கிளிப்பால் இணைப்பார்கள். இப்போது வரும் கேபிள்களில் எல்லா வயரும் கறுப்பு. எண்ணிப் பார்த்துக் குத்துவதைவிட பிளக் வாங்குவதே நல்லது.

பவர் சப்ளையின் விசிறி சுற்றாமல் இருந்தால் பதறாதீர்கள். பல மாடல்களில் லோடு குறைவாக இருக்கும்போது விசிறி நின்றேதான் இருக்கும். பம்பின் சாட்டா அல்லது மோலெக்ஸ் முனையைப் பாருங்கள். மோலெக்ஸில் ஒரு பின் பின்னுக்குத் தள்ளிப்போய் நிற்பது ரொம்ப சகஜம்.

பம்ப் பவரை மதர்போர்டின் விசிறி ஹெடரிலிருந்து (விசிறி வயரை மாட்டும் இடம்) எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. டி5 முழு வேகத்தில் 23 வாட் வரை இழுக்கும். 12 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 2 ஆம்பியர். சாதாரண விசிறி ஹெடர் 1 ஆம்பியர்தான் தாங்கும். ஆகவே பவர் நேராகப் பவர் சப்ளையிலிருந்து, வேகக் கட்டுப்பாட்டு வயர் மட்டும் மதர்போர்டுக்கு.

எல்லாம் சரியாக இருந்தும் சுற்றவில்லை, உள்ளே தண்ணீரும் இருக்கிறது என்றால் கேஸை லேசாகத் தட்டிப் பாருங்கள். நாள்பட்டுக் கிடந்த பம்பின் ரோட்டர் ஒட்டிக்கொள்வது உண்டு. "சும்மா சுற்றுகிறதா பார்ப்போம்" என்று தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். அதன் பேரிங்குக்கு எண்ணெய் போல வேலை செய்வதே தண்ணீர்தான்.

பம்ப் சுற்றுகிறது, தண்ணீர் நகரவில்லை

இந்த வகை பம்புக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கத் தெரியாது. தன்னிடம் வந்து சேர்ந்த தண்ணீரைத் தள்ள மட்டுமே தெரியும். வாய்ப்பகுதியில் காற்றுக் குமிழ் உட்கார்ந்துவிட்டால் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஊரில் கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றி ஏர் எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல.

ரிசர்வாயரை முக்கால்வாசி நிரப்புங்கள். மூன்று நொடி ஓட்டி நிறுத்துங்கள். மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். நகராவிட்டால் கேஸை முன்னுக்கும் பின்னுக்கும் சாய்த்து, பம்ப் எல்லாவற்றுக்கும் கீழே வரும்படி பிடித்துப் பாருங்கள். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லையா? பம்பின் உள்வழி, வெளிவழித் துளைகளை மாற்றி இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பிளாக்கில் மாற்றினால் ஓரளவு மன்னிக்கும், பம்பில் மாற்றினால் மன்னிக்காது.

டிஷ்யூ நனைந்திருக்கிறது

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் முதன்முதலில் நிரப்பிய இரவு, பதினொன்றரை மணி இருக்கும், கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே வைத்திருந்த டிஷ்யூவில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். கார்டு பிளாக்கின் இரண்டு ஃபிட்டிங்கையும் கழற்றி, உள்ளே கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பார்த்து, திரும்ப மாட்டினேன். மறுபடி ஈரம். இன்னொரு ஃபிட்டிங்கையும் கழற்றினேன். கடைசியில் டார்ச்சைக் கீழிருந்து மேலே அடித்தபோதுதான் கண்ணில் பட்டது: டியூபின் அடிப்பக்கம் ஒரு மெல்லிய நீர்க்கோடு. அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனால், காற்று போகட்டும் என்று நானே தளர்த்தி வைத்திருந்த ரிசர்வாயர் மூடி. கேஸைச் சாய்த்தபோது அங்கே சிந்திய தண்ணீர் டியூப் வழியாக நடந்து வந்து கார்டின் மேல் சொட்டியிருக்கிறது. கசிவே இல்லை.

தண்ணீர் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பம்பை நிறுத்தி எல்லாவற்றையும் காயத் துடையுங்கள். ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கழுத்திலும் ஒரு டிஷ்யூ துண்டைச் சுற்றி, பம்பை ஓட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். முதலில் எது நனைகிறதோ அதுதான் குற்றவாளி.

ஃபிட்டிங்குக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிந்தால் ஓ-ரிங் மடிந்திருக்கும், அல்லது மரையில் கோணலாக ஏறியிருக்கும். இன்னும் இறுக்கினால் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். அடைப்பது ஓ-ரிங்தான், இறுக்கம் அல்ல. கையால் முறுக்கி, அது நிற்கும் இடத்துக்குப் பிறகு சிட்டிகை அளவு போதும். அக்ரிலிக் பிளாக்கில் ஸ்பேனர் போட்டு இறுக்கினால் மரையிலிருந்து முடிபோல ஒரு விரிசல் கிளம்பும். அதற்கு வைத்தியம் இல்லை, புது பிளாக்தான்.

டியூப் பக்கம் கசிந்தால் டியூபின் வெட்டு நேராக இருக்கிறதா பாருங்கள். கடினக் குழாய் என்றால் முனையைச் சீவி மழுக்கினீர்களா? கூரான விளிம்பு உள்ளே போகும்போதே ஓ-ரிங்கை அறுத்துவிடும், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

கைப்பம்பு போல வரும் காற்றழுத்த டெஸ்டர் இருந்தால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே இதையெல்லாம் பிடித்துவிடலாம். அரை பார் அழுத்தம் ஏற்றி 15 முதல் 30 நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். வளையும் டியூப் முதலில் கொஞ்சம் விரியும் என்பதால் முள் லேசாக இறங்கி நிற்பது சகஜம். இன்னொரு தரம் ஏற்றிப் பாருங்கள். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால்தான் கசிவு.

பவர் இருக்கும்போதே மதர்போர்டில் தண்ணீர் பட்டுவிட்டதா? சுவரில் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி, விசிறிக் காற்றில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். சுத்த நீர் மின்சாரம் கடத்தாதே என்ற தைரியம் வேண்டாம். லூப்பில் சில நாள் ஓடிய எந்த நீரும் சுத்த நீர் இல்லை.

ஆன் செய்தால் "சிபியு ஃபேன் எரர்" என்று நிற்கிறது

கோளாறு இல்லை. சிபியு ஃபேன் ஹெடரில் சுழற்சி சிக்னல் வரவில்லை, அவ்வளவுதான். பம்பின் வேக வயரை அங்கே மாட்டுங்கள். பயாஸில் (ஆன் செய்ததும் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) அந்த எச்சரிக்கையை அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். நான் செய்ய மாட்டேன். ஒருநாள் பம்ப் நின்றால் உங்களுக்கு முதலில் சொல்லப்போவது அந்த எரர்தான். அப்புறம், அந்த ஹெடரில் சூட்டுக்கேற்ப வேகத்தை மாற்றும் விசிறி கர்வ் இருந்தால் எடுத்துவிட்டு நிலையான வேகம் கொடுங்கள். பிராசசர் சூட்டோடு பம்ப் ஏறி இறங்குவதால் லாபம் எதுவும் இல்லை, சத்தம்தான் மிச்சம்.

சூடு அதிகம்

"இத்தனை டிகிரி காட்டுகிறது, சரியா?" என்று கேட்பதைவிட, எவ்வளவு நேரத்தில் அங்கே போனது என்று பாருங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,186 ஜூல் வேண்டும். பிராசசரும் கார்டும் சேர்ந்து 300 வாட் கக்குகின்றன என்று வையுங்கள். ரேடியேட்டர் சுத்தமாக வேலை செய்யாவிட்டாலும்கூட தண்ணீர் நிமிடத்துக்கு 4 டிகிரி அளவில்தான் ஏறும். ஆகவே தண்ணீரின் தப்பால் சில நொடிகளில் சூடு எகிற வழியே இல்லை. ஐந்து நிமிட டெஸ்ட் ஓட்டிவிட்டு "சூப்பர், 60 டிகிரிதான்" என்று மகிழ்வதும் இதனால்தான் வீண். லூப் நிலைக்கு வர 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும்.

நொடிகளில் எகிறினால் சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் கோளாறு. பயாஸ் திரையில் உட்கார்ந்திருக்கும்போதே 80, 90 என்று ஏறினால் முதல் சந்தேகம் பிளாக்கின் அடியில் உரிக்காமல் விட்ட பாதுகாப்புப் படலம். சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டரோடு பத்து வருடம் புழங்கிய என் நண்பர் ஒருவர் அந்தப் படலத்தின் மேலேயே வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவி மாட்டியிருந்தார். அடுத்த சந்தேகம் தப்பான மவுன்டிங் திருகுகள். இன்டெல் 2021-இல் எல்ஜிஏ1700 கொண்டுவந்தபோது துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டரிலிருந்து 78 ஆனது, உயரமும் மாறியது. பழைய கிட்டை இழுத்துப் பிடித்து மாட்டினால் பிளாக் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். கழற்றி, பேஸ்ட் எப்படிப் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். நடுவில் மெல்லிசாகப் பரவி இருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் கனமாக இருந்தால் அங்கே அழுத்தம் இல்லை. திருகுகளைக் குறுக்காக, மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

ஓரிரு நிமிடத்தில் ஏறினால் ஓட்டம் இல்லை. இதற்குக் கருவி வேண்டாம், விரல் போதும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் லூப்பில் 300 வாட் சேர்ந்தால் தண்ணீர் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் உள்ள வித்தியாசம் ஒரு டிகிரி சொச்சம்தான். விரலுக்குத் தெரியாது. பிளாக்கின் ஒரு பக்கக் குழாய் சுடுகிறது, இன்னொரு பக்கம் ஜில்லென்று இருக்கிறது என்றால் தண்ணீர் ஏதோ தவழ்ந்துகொண்டிருக்கிறது. பம்பின் வேகக் குமிழ் குறைவில் இருக்கிறதா? டியூப் வளைவில் மடங்கியிருக்கிறதா? குவிக் டிஸ்கனெக்ட் (டியூபைச் சட்டென்று கழற்றி மாட்டும் இணைப்பு) பாதியில் நிற்கிறதா? மூன்றும் இல்லையென்றால் பிராசசர் பிளாக்கின் உள்ளே அடைப்பு. அதன் செப்புத் தகடுகளின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. லூப்பில் மிதக்கும் குப்பைக்கெல்லாம் அதுதான் வடிகட்டி. ரேடியேட்டரைக் கழுவாமல் மாட்டியவர்களுக்கு இது சீக்கிரமே வரும், உள்ளே பற்றவைத்த மிச்சம் நிறைய இருக்கும். பிராசசர் பிளாக்கில் உள்வழியை மாற்றியிருந்தால் சில டிகிரி அதிகம் காட்டும். அதற்காகவே பிரிக்க வேண்டாம், அடுத்த முறை வடிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

அந்த ஒரு டிகிரிக் கணக்கிலேயே இன்னொரு பழைய சண்டையும் முடிந்துவிடுகிறது: பிராசசர் முதலா, ரேடியேட்டர் முதலா? எது முதலில் வந்தாலும் ஒன்றுதான். பம்புக்கு முன்னால் ரிசர்வாயர் இருந்தால் போதும். மிச்சமெல்லாம் டியூப் அழகாக எப்படிப் போகுமோ அப்படி.

அரை மணி நேரம் மெல்ல ஏறினால் ரேடியேட்டரும் காற்றும். இங்கேதான் சென்சார் சோறு போடும். தண்ணீரின் சூட்டிலிருந்து அறையின் சூட்டைக் கழியுங்கள். முழு லோடில் 10 டிகிரி வித்தியாசம் நன்று, 15 பரவாயில்லை, 20-ஐத் தாண்டினால் காற்று சரியில்லை. மே மாதம் சென்னையில் மதியம் அறைக்குள் 35 இருக்கும். அப்போது தண்ணீர் 47 காட்டினால் லூப்பைத் திட்டாதீர்கள், வெறும் 12 டிகிரிதான் வித்தியாசம். அறைக்குக் கீழே தண்ணீர் ஒருபோதும் இறங்காது. அதே காரணத்தால் ஏசி அறையில் குழாய் வியர்த்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம்.

வித்தியாசம் அதிகமென்றால் கேஸின் பக்கக் கதவைத் திறந்துவிட்டு 20 நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் நாலைந்து டிகிரி இறங்கினால் ரேடியேட்டருக்குப் புதுக் காற்று கிடைக்கவில்லை. ஒவ்வொரு விசிறி முன்னும் ஒரு டிஷ்யூவைப் பிடித்துத் திசையைப் பாருங்கள். இரண்டு ரேடியேட்டரும் உள்ளே ஊதுகின்றன, வெளியேற வழி இல்லை என்ற அமைப்பை நிறையப் பார்த்திருக்கிறேன். விசிறிகள் பிராசசர் சூட்டைப் பார்த்து ஓடும்படி இருந்தால் தண்ணீர் சென்சாருக்கு மாற்றுங்கள். கேம் ஓடும்போது பிராசசர் சும்மா இருக்கும், கார்டு 300 வாட் கொட்டும், விசிறிகளுக்குச் சேதியே போகாது. தண்ணீரை எந்த நிலையிலும் 60 டிகிரியைத் தொட விடாதீர்கள். பம்புக்குப் பொதுவாகச் சொல்லும் உச்சவரம்பு அது, பிஇடிஜி குழாயும் அந்த அளவில் இளக ஆரம்பிக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பிராசசர் மட்டும் 85, 90 காட்டுகிறதா? அது கோளாறாகவே இல்லாமல் இருக்கலாம். 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையின் பெரிய சிப்புகளை முழு லோடில் 95 டிகிரி வரை போய் அங்கேயே நிற்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். இடம் கொடுத்தால் இன்னும் வேகம் எடுக்கும், சூடு குறையாது. சிப்பின் உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு சின்னது, அதில் பிறக்கும் வெப்பம் தண்ணீர் வரை வந்து சேர்வதற்கே 35, 40 டிகிரி தேவைப்படுகிறது. எத்தனை ரேடியேட்டர் சேர்த்தாலும் இந்த இடைவெளி மாறாது. மூன்றாவது ரேடியேட்டர் வாங்கும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கிராபிக்ஸ் கார்டின் ஹாட் ஸ்பாட் மட்டும் எகிறுகிறது

கோர் 50 காட்டுகிறது, ஹாட் ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) 85 என்றால் பிளாக் சமமாக உட்காரவில்லை. பெரும்பாலும் தெர்மல் பேடின் (மெமரி போன்றவற்றின் வெப்பத்தைப் பிளாக்குக்குக் கடத்தும் மெத்தென்ற பட்டை) கனம் தப்பு. அரை மில்லிமீட்டர் கூடுதலாக வைத்தால் பேடே பிளாக்கைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு சிப்பைத் தொட விடாது. மெமரி மட்டும் சூடென்றால் தலைகீழ்: பேட் மெல்லிசு, அல்லது அதன் மேல் படலத்தை உரிக்கவில்லை. பிளாக்கோடு வந்த தாளில் எந்த இடத்துக்கு எந்தக் கனம் என்று இருக்கும், அதை மட்டும் நம்புங்கள்.

சத்தம்

சலசலவென்றால் காற்று. ரிசர்வாயரில் சுழல் விழுந்து குமிழை உள்ளே இழுத்தால் மட்டத்தைக் கூட்டுங்கள் அல்லது பம்பைக் குறையுங்கள். ஙொய் என்று மேசையே அதிர்ந்தால் பம்புக்கும் கேஸுக்கும் நடுவே ரப்பரோ ஸ்பாஞ்சோ கொடுங்கள். கேம் ஓடும்போது மட்டும் கீச்சென்று கேட்டால் அது கார்டில் உள்ள மின்சுருளின் (காயில்) சத்தம். முன்பும் இருந்திருக்கும், விசிறி இரைச்சலில் காதில் விழுந்திருக்காது.

மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது

முதல் வாரம் இறங்கத்தான் வேண்டும். ரேடியேட்டர் மூலைகளில் இருந்த காற்று வெளியே வர, அந்த இடத்துக்குத் தண்ணீர் போகிறது. தினம் ஒரு தரம் கேஸைச் சாய்த்து ஆட்டிவிட்டு நிரப்புங்கள். அப்புறம் மாதக்கணக்கில் சில மில்லிமீட்டர் குறைந்தால், வளையும் டியூபின் சுவர் வழியாகவே கொஞ்சம் ஆவியாகிப் போகிறது. சில நாட்களிலேயே விரற்கடை அளவு குறைந்தால் மேலே டிஷ்யூ பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

தண்ணீரின் நிறம் மாறுகிறது

பால் கலந்ததுபோல் வெளுத்து, டியூபின் உள்சுவரில் படலம் படிந்தால் அது பிவிசி டியூபை மென்மையாக்கச் சேர்த்த பொருள் கரைந்து வருவது. டியூபை மாற்ற வேண்டும். இபிடிஎம் ரப்பர் டியூபில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கறுப்பு, உள்ளே ஓடுவது தெரியாது. பச்சையாக வழுவழுவென்றால் பாசி. பாசிக்கொல்லி இல்லாத தண்ணீர், அதுவும் சன்னலோரம் என்றால் கேட்கவே வேண்டாம். சாயம் மெல்ல வெளிறுவது மட்டும் பெரிய விஷயமில்லை.

சாம்பல் நிறத் தூளோ வெள்ளைத் துகளோ வந்தால்தான் கவலை. லூப்பில் எங்காவது அலுமினியம் இருக்கிறதா என்று தேடுங்கள். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் இருந்தால் அது பேட்டரி மாதிரி வேலை செய்யும், அலுமினியம் அரிபடும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கியவர்கள் காரின் ஹீட்டர் கோரையும் மீன்தொட்டி பம்பையும் வைத்தே ஓட்டினார்கள். அந்த ஆசையில் யாராவது அலுமினிய ரேடியேட்டரை மலிவாகத் தள்ளிவிட்டால் வாங்காதீர்கள்.

எந்த நிறமாக இருந்தாலும் வடித்துக் கழுவுவதற்குக் கேன் வாட்டர் வேண்டாம், அதில் தாதுக்கள் இருக்கின்றன. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். அதே அலமாரியில் ஆசிட் கேனும் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். பிளாக்கைத் திறக்கும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய ஜெட் தகடு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று பிறகு ஞாபகம் வராது. செப்புத் தகடுகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் இடைவெளியின் வாக்கிலேயே தேயுங்கள். நிக்கல் பூசிய பிளாக்கில் வினிகர் ஊற்றாதீர்கள், பூச்சு உரிந்துவிடும்.